கொசுவின் இனம் தேடிய மருத்துவர்

ஈப்போ நகரின் சிலிபின் வட்டாரத்தில் யாருக்காவது டிங்கி காய்ச்சல் கண்டால், சுற்றியுள்ள வீடுகளுக்குச் சுகாதார அமைச்சின் ஊழியர்கள் வந்துவிடுவார்கள். பூச்சாடியின் அடித்தட்டு, கூரைத் தண்ணீர்த் தகரம், கைவிடப்பட்ட டயர், குளியலறைத் தொட்டி என்று ஒன்றையும் விடாமல் கைவிளக்கை அடித்துப் பார்ப்பார்கள். நெளியும் புழுக்கள் தென்பட்டால் உறிஞ்சுகுழாயால் எடுத்துச் சிறு குப்பியில் அடைத்துக்கொள்வார்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கவும் முடியும். அபராதத்தைப் பற்றித்தான் அக்கம்பக்கத்தில் பேச்சு நடக்கும். அந்தக் குப்பி எங்கே போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குப்பி ஆய்வுக்கூடத்திற்குப் போகிறது. அங்கே அந்தப் புழு எந்த இனக் கொசுவினுடையது என்று உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஏடிஸா, கியூலெக்ஸா, வேறொன்றா? எல்லாக் கொசுவும் கடிக்கும். எல்லாக் கொசுவும் ஒரே நோயைப் பரப்பாது. நம் நாட்டில் இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டு, பதில் கிடைக்கும்வரை சதுப்பிலும் பள்ளத்தாக்கிலும் நடந்தவர் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர். அவர் பணியால் மிகுதியாகப் பயன் பெற்றவர்கள் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள்.

மால்கம் வாட்சன் 1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1900ஆம் ஆண்டு மலாயா மருத்துவச் சேவையில் சேர்ந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரிலுள்ள கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் வந்து இறங்கிய காலத்தைப் புரிந்துகொண்டால்தான் அவருடைய பணியின் அருமை விளங்கும். மலேரியா கெட்ட காற்றினால் வருகிறது என்றே மக்கள் நெடுங்காலம் நம்பினர். அந்தப் பெயரின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்னும் இராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்து, கொசு கடிப்பதால்தான் நோய் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்கிறது என்று மெய்ப்பித்தார். இதற்காக 1902இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருப்பினும், கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. லாகூருக்கு அருகிலுள்ள மியான்மீர் படை முகாமில் கால்வாய்களைத் தூர்த்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. வெப்ப மண்டல நாட்டில் கொசுவை எதிர்ப்பது வீண் செலவு என்று அறிஞர்களே வாதிட்டனர்.

இந்த வாதம் சூடாக இருந்த வேளையில்தான் வாட்சன் கிள்ளானில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கட்டில்கள் நிறைந்து வழிந்தன. நடுங்கும் குளிர், கொதிக்கும் காய்ச்சல், வியர்வை. ஒரு நாள் விட்டு மீண்டும் அதே சுற்று. வந்தவர்களுக்குக் குயினைன் கொடுத்து அனுப்பினால், சில வாரங்களில் அவர்களே திரும்பி வந்தார்கள்.

1901 செப்டம்பரில், கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். சதுப்புநிலக் காட்டை வெட்டி அமைத்த இடம் அது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தனர். நங்கூரமிட்ட கப்பல்களின் மாலுமிகளும் தப்பவில்லை. பெரும்பணம் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் நிலை வந்தது.

வாட்சன் மூடத் தேவையில்லை என்றார். நகரைச் சூழ்ந்த சதுப்பை வடித்து, புதர்க்காட்டை அழித்து, துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பினால் போதும் என்று அரசுக்கு எழுதினார். சிலாங்கூரின் தலைமை மருத்துவராக இருந்த டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். ரோஸ் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆன ஓர் உண்மையை நம்பி, ஒரு மாவட்ட மருத்துவர் பொதுப் பணத்தைச் சேற்றில் போடச் சொன்னார். தோற்றிருந்தால் அவருடைய உத்தியோகம் என்னவாகியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

வேலை நடந்தது. பலனை எண்களில் பார்ப்போம். 1901ஆம் ஆண்டு கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1902இல் 129 பேர், 1903இல் 48, 1904இல் 28, 1905இல் வெறும் 12. துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188இலிருந்து 11ஆகக் குறைந்தனர். வானிலை மாறியதால் நோய் தானாகத் தணிந்திருக்கலாமே என்று ஐயம் எழுவது இயல்பு. வாட்சனும் அதை எண்ணிப் பார்த்தார். வடிகால் வெட்டாத மற்றப் பகுதிகளின் கணக்கையும் அவர் தனியே எழுதி வைத்திருந்தார். அங்கே 1901இல் 197ஆக இருந்த எண்ணிக்கை 1905இல் 353ஆக ஏறியிருந்தது. ஒரே மாவட்டம், ஒரே மழை, ஒரே மருத்துவமனை. வடிகால்தான் வேறுபாடு. இந்தக் கணக்கு உலகின் பல நாடுகளில் படிக்கப்பட்டது.

அந்த 353 பேரில் பலர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ரப்பரின் காலம் பிறந்திருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள், கங்காணிகளின் பின்னால் சிலாங்கூருக்கும் பேராக்குக்கும் நெகிரி செம்பிலானுக்கும் நடந்தார்கள். காட்டை வெட்டினார்கள், கன்று நட்டார்கள், பின்னர் பால் வெட்டினார்கள். புதிதாகத் திறந்த தோட்டங்களில் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. வேலைக்கு இறங்காத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் அரிசி கடன். உடம்பில் வலுவில்லாமல் அடுத்த காய்ச்சல் எளிதாகப் பிடிக்கும். லயத்தில் பிறந்த குழந்தைகளின் நிலை இன்னும் கொடியது. கை கால் குச்சியாகவும் வயிறு பானையாகவும் இருக்கும் குழந்தைகளை அங்கே எந்த வீட்டு வாசலிலும் காண முடிந்தது.

1908இல் வாட்சன் அரசுப் பணியிலிருந்து விலகி, தோட்டங்களுக்கு மருத்துவரானார். ஒவ்வொரு தோட்டத்திலும் அவர் முதலில் செய்த வேலை குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. மலேரியா அடிக்கடி வந்தால் இடது விலாவின் கீழுள்ள மண்ணீரல் வீங்கிப் பெரிதாகும். தோட்டத்தில் நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தில் நோய் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரியவர்கள் வேறிடத்தில் நோய் வாங்கி வந்திருக்கலாம்; ஓடியாடும் சிறுவர்கள் தங்கள் லயத்தைவிட்டு எங்கும் போவதில்லை. ஊசி வேண்டாம், கருவி வேண்டாம், கை போதும். அதன்பின் அவர் தண்ணீரைத் தேடிப் போவார். குட்டை, ஓடை, கால்வாய் ஒவ்வொன்றிலும் புழுக்களை அள்ளி வளர்த்து, கொசுவாகிப் பறக்கும்போது இனம் பிரித்து எழுதி வைப்பார். குழந்தைகளின் கணக்கையும் கொசுவின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வரைபடம் உருவாகும்.

மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் என்னும் கொசுக்குடும்பம். அதன் புழு நீர்ப்பரப்பில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும்; மற்றக் கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்கும். வளர்ந்த அனோபிலிஸ் சுவரில் அமரும்போது வாற்பகுதியை உயர்த்திச் சாய்ந்து நிற்கும். இந்த அளவு அறிவு அன்றைய மருத்துவர்கள் பலருக்கு இருந்தது. அனோபிலிஸ் குடும்பத்துக்குள்ளேயே பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றும் வேறுவேறு நீரை விரும்பும், அவற்றுள் சிலதான் மனிதனுக்கு நோயைக் கொண்டுவரும் என்பது அப்போது தெளிவாகாத செய்தி.

பேராக்கின் கெரியான் மாவட்டம் அவருக்கு ஒரு பாடமாக அமைந்தது. 1906ஆம் ஆண்டளவில் அங்கே பெரிய நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயலில் நீர் நின்றது. அனோபிலிஸ் கொசுக்களுக்கும் பஞ்சமில்லை. அப்படியானால் மலேரியா தலைவிரித்து ஆட வேண்டுமே! வாட்சன் அங்குப் போய்க் குழந்தைகளைச் சோதித்தார். வயல் நடுவே வாழ்ந்த குழந்தைகளில் மிகச் சிலருக்கே மண்ணீரல் வீங்கியிருந்தது. வயல்நீரில் வளர்ந்த கொசுக்கள் நோயைப் பரப்பாத இனங்கள். இது வெறும் விந்தைச் செய்தியன்று. நெல்வயலை வடித்து உழவர் பிழைப்பைக் கெடுக்கத் தேவையில்லை என்பதும் அதில் அடங்கியிருந்தது.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் வேலை எளிதாக முடிந்தது. அங்கு நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ். காட்டு மரங்களின் நிழலில் கறுத்துக் கிடக்கும் தேங்குநீரில்தான் அது முட்டையிடும். அதன் பெயரிலேயே நிழல் என்னும் பொருள் இருக்கிறது. லயத்தைச் சுற்றி ஏறத்தாழ அரை மைல் தூரத்திற்குக் காட்டை நீக்கி வடிகால் வெட்டினால், வெயில் பட்டு நீர் வற்றும், கொசு மறையும். தோட்டம் தோட்டமாகக் குழந்தைகளின் வயிறு இறங்கியது.

அடுத்து வாட்சன் மலைச்சாரல் தோட்டங்களுக்குப் போனார். அங்கும் அதே முறையைக் கையாண்டனர். பள்ளத்தாக்குக் காட்டை வெட்டி, சேற்றை அகற்றி, ஓடையைத் தெளிவாக ஓடவிட்டனர். நோய் குறையவில்லை. சில இடங்களில் கூடியது. சுத்தம் செய்யச் செய்ய ஏன் காய்ச்சல் பெருகுகிறது என்று தோட்டத் துரைமார்களுக்குப் புரியவில்லை. கிள்ளானில் வெற்றி கண்டவருக்கு இது எத்தகைய அடியாக இருந்திருக்கும்! ஆயினும் அவர் தோல்வியை மறைக்கவில்லை. 1911இல் மலாயாவின் மலேரியாத் தடுப்பைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் இந்தத் தோல்வியும் இடம்பெற்றது. என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் கிள்ளான் வெற்றியைவிடப் போற்றத்தக்கது இதுவே.

காரணத்தை ஓடைநீரே சொல்லியது. அங்கே இருந்தது வேறோர் இனம்: இறக்கையிலும் காலிலும் புள்ளிகள் கொண்ட அனோபிலிஸ் மாக்குலாட்டஸ். அதற்கு நிழல் ஆகாது, சேறும் ஆகாது. வெயில் படும் தெளிந்த ஊற்றுநீர்தான் வேண்டும். காடு மூடியிருந்தவரை மலையோடையில் அதற்கு இடமில்லை. மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டவுடன் அது குடியேறியது. தண்ணீர் வசதிக்காக லயங்களும் அந்த ஓடைகளுக்கு அருகிலேயே கட்டப்பட்டிருந்தன. சமவெளியில் உயிர் காத்த மண்வெட்டி மலையில் நோயை வரவழைத்தது.

தினமும் வரிசையில் நிற்க வைத்துக் குயினைன் கொடுத்துப் பார்த்தனர். காய்ச்சல் தணிந்தது, பரவுவது நிற்கவில்லை. ஓடையை மூட முடியாது, வற்ற வைக்கவும் முடியாது. அப்படியானால் அதை மண்ணுக்கடியில் ஓட விட்டால் என்ன? வாட்சன் அதைத்தான் செய்தார். பள்ளத்தாக்கின் அடியில் ஆழமாக வாய்க்கால் தோண்டி, சுட்ட மண் குழாய்களைத் தொடராகப் பதித்து, மேலே மண்ணிட்டு மூடினார்கள். ஊற்றுநீர் குழாய்களின் இடைவெளி வழியாக உள்ளே இறங்கி யார் கண்ணுக்கும் படாமல் ஓடியது. கொசு முட்டையிட மேற்பரப்பில் நீரில்லை. சிலாங்கூரின் சீஃபீல்டு தோட்டம் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்ட தோட்டங்களுள் ஒன்று. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்கா பகுதிக்கும் 1911இல் அவருடைய ஆலோசனை பயன்பட்டது.

குழாய் பதிக்கச் செலவு அதிகம். அது இயலாத இடங்களில் எண்ணெய் தெளித்தனர். கொசுப்புழு நீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அதனால் மூச்சுவிட முடியாது. முட்டை கொசுவாக மாற நம் நாட்டு வெப்பத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். ஆகவே வாரம் ஒரு முறை தவறாமல் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டாலும் ஒரு தலைமுறைக் கொசு தப்பிப் பறந்துவிடும். முதுகில் தகரத்தைச் சுமந்து ஓடையோரமாக எண்ணெய் தெளித்துச் செல்லும் ஆள், பின்னாளில் மலாயாத் தோட்டங்களின் வழக்கமான காட்சியானார்.

இந்தச் செலவுக்குத் தோட்ட நிருவாகங்கள் எளிதில் இணங்கவில்லை. வாட்சன் அவர்களிடம் கணக்குப் பேசினார். சாகும் தொழிலாளிக்குப் பதிலாக இன்னொருவரைக் கப்பலேற்றி வர எவ்வளவு, படுத்துக் கிடப்பவரால் வெட்டப்படாமல் போகும் மரங்கள் எத்தனை, வடிகாலுக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்துக் காட்டினார். மனித உயிரை இலாப நட்டக் கணக்கில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது அந்தக் காலத்தின் அவலம். அந்தக் கணக்கினால்தான் பல தோட்டங்களில் வடிகால் வந்தது என்பதும் உண்மை. நூல்களில் வாட்சனின் பெயர் இருக்கிறது. அந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள், குழாயைத் தோளில் சுமந்து பள்ளத்தாக்கில் இறங்கியவர்கள், எண்ணெய்த் தகரத்தைத் தூக்கியவர்கள் பெயர் எதிலும் இல்லை.

ஓரிடத்தில் நோய் பரப்பும் இனம் எதுவென்று முதலில் கண்டறிந்து, அதை மட்டும் குறிவைத்து அதன் நீரை மாற்றுவது என்னும் வாட்சனின் முறை இனவாரித் துப்புரவு எனப் பெயர் பெற்றது. டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியத் தீவுகளில் அம்முறை விரிவாகப் பின்பற்றப்பட்டது. எல்லாக் கொசுவையும் ஒழிக்க எந்த அரசிடமும் பணமில்லை. ஓர் இனத்தை ஒழிக்க முடியும்.

1924இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. 1928இல் அவர் மலாயாவை விட்டு இலண்டன் சென்று, தம் வழிகாட்டியாகக் கருதிய ரொனால்ட் ரோஸின் பெயரால் அமைந்த ஆய்வுக் கழகத்தில் மலேரியாத் தடுப்புப் பணிக்குப் பொறுப்பேற்றார். ஆப்பிரிக்காவின் வட ரொடீசியச் செப்புச் சுரங்கங்களுக்கும் அவருடைய முறை சென்றது. அங்கும் அவர் முதலில் கேட்டது எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்பதைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்து, கொசு ஒழிப்பு மிக எளிதாகிவிட்டதாக உலகம் நம்பத் தொடங்கிய காலத்தில், 1955ஆம் ஆண்டு வாட்சன் காலமானார். பின்னர்ப் பல நாடுகளில் கொசுக்கள் டி.டி.டி.க்குப் பழகிவிட்டன.

மலேசியா 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் ஏற்படவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோல்சி என்னும் மலேரியா இன்னும் இருக்கிறது. அதைப் பரப்பும் அனோபிலிஸ் இனங்கள் காட்டிலும் காட்டோரத்திலும் வாழ்பவை; வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதாலோ ஓடையில் எண்ணெய் தெளிப்பதாலோ அவை அகப்படுவதில்லை. அந்தக் கொசுக்களைத் தேடிக் காட்டோரத்தில் மாலை வேளைகளில் காத்திருக்கும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலிபினில் எடுத்த குப்பிக்கும் அவர்கள் பிடித்து வரும் கொசுவுக்கும் உருப்பெருக்கியின் அடியில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: எந்த இனம்? பிடித்து வந்த கொசுவில் காலின் புள்ளியைப் பார்ப்பார்கள். பிறகு இறக்கையின் புள்ளியை.